சூடு காட்டும் முள்ளும் சிவப்பு விளக்கும்

காரவள்ளியில் கொல்லிமலை ஏறத் தொடங்கும்போது முள் பாதியில் நின்றது. ஆடிப் பதினெட்டு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் போகும் நாள். என் பழைய ஆம்னியில் பெரியப்பா குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர் இருந்தோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதைத் தாண்டியபோது முள் 'எச்' எழுத்துப் பக்கம் நகர்ந்தது. ஒதுங்க இடம் பார்த்துக்கொண்டே இன்னும் நாலைந்து வளைவு போயிருப்பேன், முள் தானாக இறங்கத் தொடங்கிவிட்டது. பாதிக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. "பரவால்லடா, மேல காத்து குளுகுளுன்னு இருக்குல்ல, ஆறிடுச்சு" என்றார் பெரியப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள் சீட்டுக்கு அடியிலிருந்து டொக்டொக்கென்று சத்தம் வந்தது. எஞ்சின் இழுக்கவில்லை. அப்படியே நின்றுபோனது.

வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்த பிறகு மெக்கானிக் தம்பி ஒருவர் அடியில் படுத்துப் பார்த்தார். ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்து, வழியெல்லாம் தண்ணீர் கொட்டியிருந்தது. ரேடியேட்டரில் ஒரு சொட்டு இல்லை.

"அண்ணே, முள்ளு இறங்குனா வண்டி ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. சென்சார் மூக்கு தண்ணிக்குள்ள இருந்தாத்தான் அது சூட்டைச் சொல்லும். தண்ணி போயிட்டா அது காத்துலதானுங்க நிக்கும்?"

ஹெட் வளைந்திருந்தது, கேஸ்கட் கருகியிருந்தது. லேத்தில் கொடுத்து ஹெட்டை ஃபேஸிங் செய்து, திரும்பப் பூட்டி வண்டி வெளியே வரப் பத்து நாள் ஆயிற்று. முள் இறங்கத் தொடங்கிய இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருந்தால் ஒரு கிளிப்போடு போயிருக்கும்.

அந்தத் தம்பி சொன்னதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்க விரித்துச் சொல்லப்போகிறேன். மீட்டரில் தெரிவது எஞ்சினின் சூடு என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். உண்மையில் தெரிவது, சென்சாரின் மூக்கு அந்த நேரத்தில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதன் சூடு. தண்ணீரைத் தொட்டால் தண்ணீரின் சூடு, காற்றைத் தொட்டால் காற்றின் சூடு. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அந்தச் சின்ன மீட்டர் நிறையச் செய்தி சொல்லும்.

காரை விட வேனுக்கு இது ஏன் முக்கியம் என்றால், வேனில் நம் கண்ணுக்கு முன்னால் பானட் இல்லை. காரில் சூடேறினால் முன்னால் ஆவி கிளம்புவது தெரியும். ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். 1984இல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான வண்டி அது. 796 சிசி, மூன்று சிலிண்டர். இலங்கையில் எல்லோரும் 'டொல்பின்' என்று சொல்லும் டொயோட்டா ஹையேஸிலும் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான். எஞ்சினைச் சுற்றிக் காற்று ஓடவும் இடம் குறைவு. தொடையில் சூடு தெரிகிற நேரத்தில் விஷயம் கைமீறிப் போயிருக்கும். அதனால் டாஷ்போர்டில் இருக்கும் முள்ளும் விளக்கும்தான் நமக்குக் கண்.

முள்ளுக்குப் பின்னால்

சென்சார் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டு. போல்ட் மாதிரி மரை இருக்கும். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டுக்கு அருகில், தண்ணீர் ஓடும் வழியில் முடுக்கியிருப்பார்கள். அதன் தலையில் ஒரே ஒரு ஒயர். இன்னொரு முனை, அதாவது எர்த், அதன் உடம்பு வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. மூக்குக்குள் இருக்கும் பொருளுக்குச் சூடு ஏற ஏற மின்தடை குறையும். தடை குறைந்தால் மீட்டர் வழியாக அதிகக் கரண்ட் ஓடும், முள் ஏறும். இவ்வளவுதான் அமைப்பு.

இதிலிருந்தே இரண்டு சோதனைகள் கிடைக்கின்றன. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், சென்சார் தலையிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். முள் 'சி' பக்கம் அடியில் படுத்துவிட வேண்டும். பிறகு அந்த ஒயரின் நுனியை எஞ்சினின் சுத்தமான இரும்பில் ஒரு கணம் தொடுங்கள். முள் 'எச்' பக்கம் கிளம்ப வேண்டும். கிளம்பியவுடன் எடுத்துவிடுங்கள், நீண்ட நேரம் தொட்டால் மீட்டர் கெடும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சந்தேகப்பட வேண்டியது சென்சாரைத்தான். கழற்றியும் முள் மேலேயே நின்றால் ஒயர் எங்கோ உரசி பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரும்பில் தொட்டும் அசையாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது மீட்டர் போய்விட்டது.

பல வண்டிகளில், முக்கியமாகக் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்த பிறகு தயாரானவற்றில், ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் இருக்கும். ஒற்றை ஒயர் உள்ளது மீட்டருக்கு. இரண்டு ஒயர் உள்ளது கம்ப்யூட்டருக்கு. ஃபேனுக்குத் தனியாக ஒரு சுவிட்ச். மேலே சொன்ன சோதனையை ஒற்றை ஒயருக்கு மட்டும் செய்யுங்கள், கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரில் கை வைக்க வேண்டாம்.

சென்சார் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறை நான் பல ஷெட்டுகளில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கசியக் கூடாது என்று பிளம்பர் டேப்பை மரை முழுக்கத் தடிமனாகச் சுற்றி முடுக்குவார்கள். உடம்பு வழியாகப் போக வேண்டிய எர்த் அந்த டேப்பில் தடைபடும். எஞ்சின் கொதித்தாலும் முள் கால்வாசியைத் தாண்டாது. "புது சென்சார் போட்டதிலிருந்து வண்டி ஜில்லுன்னு ஓடுது" என்று யாராவது சொன்னால், முதலில் அந்த டேப்பைச் சுரண்டிவிட்டுப் பாருங்கள். கசிவுக்குப் பித்தளை வாஷர் போதும். வாஷருக்கு இடமில்லாத வகையானால் மரையின் மேல்பகுதியில் மட்டும் மெல்லியதாக ஒரு சுற்று.

பழைய மீட்டர்களில் இன்னொரு சங்கதி உண்டு. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை இருக்கும். அதைச் சுற்றிய கம்பி சூடாகும்போது பட்டை வளைந்து முள்ளைத் தள்ளும். அதனால்தான் சாவி போட்டதும் முள் துள்ளாமல் மெதுவாக ஊர்ந்து எழுகிறது. இந்த வகை மீட்டருக்குச் சீரான வோல்டேஜ் வேண்டும். எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12 வோல்ட்டுக்குச் சற்று மேல், ஓடும்போது 14 வரை. இந்த ஏற்ற இறக்கம் முள்ளைப் பாதிக்காமலிருக்க மீட்டருக்குப் பின்னால் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் வைத்திருப்பார்கள். அதே ஸ்டெபிலைசரில்தான் பெட்ரோல் மீட்டரும் இருக்கும். பெட்ரோல் போடாமலே டேங்க் ஏறிக் காட்டுகிறது, அதே நாளில் சூட்டு முள்ளும் ஏறி நிற்கிறது என்றால் ரேடியேட்டரைக் கழற்றத் தேவையில்லை. ஸ்டெபிலைசரையும், மீட்டர் பெட்டியின் எர்த் ஒயரையும் பாருங்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் கோளாறு மின்சாரத்தில். சூட்டு முள் மட்டும் ஏறினால் கோளாறு தண்ணீரில் என்று எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்துங்கள்.

சிவப்பு விளக்கு

தண்ணீர் அலையில் நிற்கும் தெர்மாமீட்டர் படம்தான் சூட்டு விளக்கு. மூக்கில் ஒரு சொட்டு தொங்கும் எண்ணெய்க் குடுவைப் படம் ஆயில் அழுத்த விளக்கு. இரண்டும் சிவப்பு. அவசரத்தில் குழம்புகிறவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன். இரண்டில் எது எரிந்தாலும் ஓரம் கட்டுவதுதான் வேலை. ஆயில் விளக்கானால் ஓரம் கட்டியதும் அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

சூட்டு விளக்குக்கு நடுநிலை கிடையாது. உள்ளே இருப்பது ஒரு சுவிட்ச். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் ஒட்டிக்கொள்ளும், விளக்கு எரியும். அதுவரை எஞ்சின் எவ்வளவு திணறினாலும் வாய் திறக்காது. முள்ளுக்கு இருக்கும் அதே பலவீனம் இதற்கும் உண்டு. தண்ணீர் வற்றிச் சுவிட்ச் காற்றில் நின்றால் எரியாமலே போகலாம். பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தாலும் எரியாது. சாவியைத் திருப்பும்போது ஒரு கணம் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத வண்டியில், சுவிட்ச் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பல்பு எரிகிறதா என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

சூட்டைப் பாராமல் தண்ணீரின் அளவையே பார்த்துச் சொல்லும் விளக்கு வேறு வகை. பழைய வேன்களில் இது அரிது. இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் டி3. அந்த வேன் 1979இல் வந்தபோது அதன் பெட்ரோல் எஞ்சின் காற்றால் குளிர்வது. 1982இன் கடைசியில் அதே இடத்தில் தண்ணீரால் குளிரும் எஞ்சினை வைத்தார்கள். எஞ்சின் வண்டியின் பின்கோடியில், ரேடியேட்டர் முன்கோடியில். நடுவில் வண்டியின் முழு நீளத்துக்கும் அடியில் குழாய்கள். மொத்தம் 16 லிட்டருக்கு மேல் கூலன்ட் பிடிக்கும். இவ்வளவு நீளக் குழாயில் எங்கே கசிந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் பின்னால் இருக்கும் கூலன்ட் தொட்டிக்குள் இரண்டு உலோகக் கம்பிகளை இறக்கி வைத்தார்கள். கம்பிகள் நனைந்திருக்கும்வரை கூலன்ட் வழியாக ஒரு கம்பியிலிருந்து மற்றதற்குச் சிறு மின்சாரம் ஓடும். தண்ணீர் இறங்கிக் கம்பி வெளியே தெரிந்தால் அது நின்றுவிடும். உடனே சூட்டு மீட்டருக்குள் இருக்கும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். சூடு மிஞ்சினாலும் அதே விளக்குதான் அதே மாதிரி எரியும். சாவி போட்டதும் சில விநாடி சிமிட்டி அணைந்தால் நலம் என்று பொருள்.

இந்த வண்டிக்காரர்களை அலைக்கழிப்பது, தண்ணீர் நிறைந்திருந்தும் சிமிட்டும் விளக்கு. பெரும்பாலும் காரணம் அந்தக் கம்பிகளில் படியும் பாசி போன்ற படலம். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி வைத்தாலும் மின்சாரம் சரியாக ஓடாமல் விளக்கு சிமிட்டும். சென்சார் பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். விளக்கு அணைந்தால் ரிலேயும் ஒயரும் நலம், குறை தொட்டியில் இருக்கிறது. ஆனால் அந்த ஒயர்த் துண்டை அப்படியே விட்டுவிட்டு ஊரைச் சுற்றாதீர்கள். விளக்கை வாயடைக்க வைத்துவிட்டு ஓட்டியவர்கள் எஞ்சினை இழந்திருக்கிறார்கள்.

நம் ஊர் வண்டிகளுக்கு இதே முறையில் இயங்கும் லெவல் அலாரத்தைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். கொல்லிமலைக்குப் பிறகு நான் பொருத்தினேன். ஒரு முக்கியமான குறிப்பு: அதை ரேடியேட்டரின் மேல் தொட்டியில் பொருத்துங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ரிசர்வ் பாட்டிலில் பொருத்தினால் பயன் குறைவு. மூடி கெட்டிருந்தாலோ ஹோஸ் கசிந்தாலோ ரேடியேட்டர் காலியாகிவிடும், பாட்டிலில் தண்ணீர் அப்படியே நிற்கும்.

உங்கள் வண்டியின் 'நடு' எது

மீட்டரில் டிகிரி எண் கிடையாது. ஒரு வண்டியின் நடு 85 டிகிரியாக இருக்கும், இன்னொன்றின் நடு 95. அதனால் அடுத்தவர் வண்டி முள்ளோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயன் இல்லை. வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது, அரை மணி நேரம் சமதளத்தில் ஓட்டிய பிறகு முள் நிற்கும் இடத்தில் மீட்டர் கண்ணாடி மேல் மெல்லிய வெள்ளை டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம், எந்தச் சூழலில் விலகுகிறது என்பதுதான் நீங்கள் படிக்க வேண்டியது.

டிகிரி தெரிய வேண்டுமானால் கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் கூட்டைக் குறிவைத்துப் பார்க்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் குறிவையுங்கள்.

இனி முள்ளின் நடத்தை. ஊருக்குள் நெரிசலில் ஏறி, பைபாஸில் ஓட்டினால் இறங்குகிறது என்றால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது காற்று தானாகக் கிடைக்கிறது, நின்றால் ஃபேன்தான் தர வேண்டும். ஃபேன் மோட்டார், அதன் ரிலே, சூட்டு சுவிட்ச் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, நெரிசலில் அமைதியாக இருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்களில் உப்பு அடைத்திருக்கும், அல்லது பம்ப் பெல்ட் வழுக்கும், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் மட்டும் ஏறி, இறக்கத்தில் பழைய கோட்டுக்கே திரும்பினால் அது பெரும்பாலும் பாரத்தின் வேலை. இரண்டாவது கியரில் நிதானமாக ஏறுங்கள்.

முள் ஊசலாட்டம்தான் என்னை மிகவும் பயமுறுத்துவது. ஏறுகிறது, சட்டென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. தெர்மோஸ்டாட் சிக்கிச் சிக்கித் திறப்பதாலும் இப்படி ஆகும். ஆனால் அதைவிட அடிக்கடி காரணமாக இருப்பது குறைந்த தண்ணீரும் ஏர் லாக்கும். சென்சார் மூக்கைக் காற்றுக் குமிழி கடக்கும்போது முள் சரிகிறது, தண்ணீர் வந்தால் எழுகிறது. பூஸ்ட் குடித்த பிள்ளை மாதிரி துள்ளும் முள்ளைக் கண்டால் அன்றைக்கே தண்ணீர் அளவைப் பாருங்கள்.

எல்பிஜி போட்ட ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு மீட்டரை விடச் சீக்கிரம் சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. எல்பிஜி திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர் கூலன்ட்டின் சூட்டில்தான் வேலை செய்கிறது. தண்ணீர் குறைந்தாலோ காற்று அடைத்தாலோ முதலில் அந்தச் சூடு அதற்குக் கிடைக்காமல் போகும். எஞ்சின் சூடான பிறகும் வேப்பரைசர் மேல் பனி பூத்து, வண்டி கேஸில் திக்கினால் கேஸ் மெக்கானிக்கைத் தேடும் முன் ரேடியேட்டரைத் திறந்து பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்.

முள் ஏறவே மாட்டேன் என்கிறதா? ஒரு மணி நேரம் ஓட்டியும் கால்வாசியில் நின்றால், உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு, கழட்டிப் போட்டாச்சுங்க" என்று பெருமையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்து ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் ஆவியாகாமல் சேறு படியும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்கு வழிக் குழாயை மூடும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, எஞ்சின் முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். இந்த அத்தியாயத்தைப் பொறுத்தவரை இன்னொரு இழப்பும் உண்டு. தெர்மோஸ்டாட் இருந்தால்தான் முள் ஒரு கோட்டில் நிலைத்து நிற்கும். அது இல்லாவிட்டால் முள் வெயிலுக்கும் வேகத்துக்கும் ஏற்ப அலையும். எது வழக்கம், எது கோளாறு என்று பிரித்தறியவே முடியாது.

நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பழைய பாத்திரம் ஒன்றை ஒதுக்குங்கள், அதை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அதன் விளிம்பிலேயே 82 அல்லது 88 என்று எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் நடுவிலுள்ள தட்டு முடியளவு விலகத் தொடங்கும். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது ஒரு சிறுவிரல் நுனி நுழையும் அளவுக்கு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்தால் முழுதாக மூட வேண்டும். நூலையே தட்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் கவ்வவைத்துத் தொங்கவிட்டால் திறக்கும் கணத்தில் தானாக நழுவி விழும். அந்த நொடியில் தெர்மாமீட்டரைப் படித்துக்கொள்ளலாம்.

மூடியும் மலையும்

ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்பது போன்ற எண் இருக்கும். உள்ளே அழுத்தம் அந்த அளவை எட்டும்வரை அது திறக்காது. 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியானால் 100லேயே கொதிக்கும். மலையில் இது இன்னும் மோசம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு உள்ளேயே கொதித்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் முள் 95இல் நிம்மதியாக ஓடிய வண்டி, கெட்ட மூடியோடு ஊட்டியில் அதே 95இல் தண்ணீரைக் கக்கும். முள் ஒன்றும் தப்பாகக் காட்டவில்லை, கொதிநிலைதான் கீழே இறங்கிவிட்டது. மலைப் பயணத்துக்கு முன் நான் மாற்றும் முதல் பொருள் மூடி. செலவும் மிகக் குறைவு.

மூடியின் நடுவில் எதிர்ப்பக்கம் திறக்கும் சின்ன வால்வும் இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுப்பது அதன் வேலை. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

வழியில் சிவப்பைத் தொட்டால்

முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் இருக்கிறதா போய்விட்டதா என்பது. அதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது அப்படியே மாறும். முள் மெதுவாக ஏறியிருக்கிறது, ஆவி இல்லை, அடியில் ஒழுகவில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். பம்பும் ஃபேனும் சூட்டை வெளியே தள்ளும். உடனே நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று, ஹெட்டில் தேங்கிய சூடு இன்னும் ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் முள் இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஆவி வந்தாலோ, கூலன்ட்டின் இனிப்பான வாசனை வந்தாலோ, ஏறிய முள் காரணமில்லாமல் சரிந்தாலோ அந்தக் கணமே எஞ்சினை நிறுத்துங்கள். இன்னும் ஒரு வளைவு, அந்த டீக்கடை வரைக்கும் என்று போகாதீர்கள். ஆம்னியில் அந்த ஆவி காலடியிலேயே வரும் என்பதால் எல்லோரையும் இறக்கிவிட்டு, நன்றாகத் தணிந்த பிறகுதான் சீட்டைத் தூக்க வேண்டும்.

மூடியைக் குறைந்தது அரை மணி நேரத்துக்குத் தொட வேண்டாம். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று ஆன பிறகு தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் படி வரை மட்டும் திருகி, சத்தம் அடங்கும்வரை பிடித்திருங்கள். முகமும் மார்பும் வெந்துபோன ஓட்டுநர் ஒருவரை அரசு மருத்துவமனையில் பார்த்த நாளிலிருந்து இதை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. தகிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது, பிளாக் வெடிக்கும். ஆறிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

வழியில் கிடைக்கும் எந்தத் தண்ணீரையும் ஊற்றி வீடு வந்து சேரலாம். வந்த பிறகு அதை வடித்துவிடுங்கள். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாயில் மட்டும் படிவதில்லை, சென்சார் மூக்கிலும் தோலாகப் படிந்து அதை மந்தமாக்கும். கூலன்ட்டையும் மினரல் நீக்கிய தண்ணீரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடவும் வேண்டாம். அது இனிக்கும், அதனால் நாயும் குழந்தையும் வாய் வைக்கும். அது கொடிய விஷம்.

நிரப்பும்போது காற்றை வெளியேற்ற வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். மூடி திறந்திருக்க, ஹீட்டர் முழுதாகத் திறந்திருக்க, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸை அவ்வப்போது பிசைந்து குமிழிகள் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். டி3யிலும் முன்பக்கத்தை உயர்த்தித்தான் செய்ய வேண்டும், ரேடியேட்டரின் உச்சியில் அதற்கென்றே ஒரு ஸ்குரூ இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓட்டியும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் விறைத்தால், ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த புகை தண்ணீருக்குள் போகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால்காபி நிறத்தில் நுரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சூடேறிய வண்டியைச் சரிசெய்து எடுத்த பிறகு ஒரு வாரம், தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பார்த்துக் குறித்துவையுங்கள். முதல் இரண்டு நாளில் ஒரு டம்ளர் அளவு குறைவது உள்ளே தங்கிய காற்று வெளியேறியதால் இருக்கலாம், நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளும் குறைந்தால், முள் வெள்ளை டேப்புக்கு நேராகவே நின்றாலும், வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.